பெர்சிமன் விதை போடுகிறீர்களா? முதலில் பிரிட்ஜில் வையுங்கள்

கடையில் வாங்கிய பெர்சிமனை நறுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் விதையே இருக்காது. மகரந்தம் சேராமலேயே காய்க்கிற மரம் இது, பக்கத்தில் ஆண் பூ இல்லாவிட்டால் விதையில்லாமலேயே பழுத்துவிடும். அதனால் நாலைந்து பழம் வாங்குங்கள், அல்லது குன்னூர் பக்கம் போனால் அங்கே விளைந்ததைக் கேட்டுப் பாருங்கள். நம் பனிச்சைக்கும் கருங்காலிக்கும் உறவுக்கார மரம்தான். ஆனால் பெர்சிமன் விதைக்கு ஒரு குளிர்காலம் கழிந்தால்தான் முளைக்கத் தோன்றும்.

நன்றாகக் கனிந்த பழத்திலிருந்து எடுத்த, தட்டையான, பழுப்பு நிற விதைதான் வேண்டும். வழவழப்பான சதை துளிகூட ஒட்டியிருக்காமல் கழுவுங்கள், இல்லையென்றால் பூசணம் பிடித்துவிடும். வெயிலில் காயவைக்கவே கூடாது. காய்ந்த விதையை நம்பி மூன்று மாதம் காத்திருப்பது வீண்.

அப்புறம் ஈரமான கோகோபீட்டையோ (தேங்காய் நார்த்தூள்) ஆற்று மணலையோ கையால் இறுக்கிப் பிழியுங்கள், தண்ணீர் சொட்டக்கூடாது, அந்த ஈரம் போதும். விதையை அதில் புதைத்து, ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, பிரிட்ஜின் கீழ்த் தட்டில் 2 முதல் 3 மாதம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். சுமார் 4 டிகிரி குளிர்தான் தேவை. வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "இது என்ன அழுக்கு மண்" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, பூசணம் தெரிந்தால் கழுவி, புது கோகோபீட்டில் மாற்றினால் போதும்.

தொட்டி விஷயத்தில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். பெர்சிமன் முதலில் கீழ்நோக்கித்தான் வளரும், மேலே இரண்டு இலை தெரியும்போதே ஆணிவேர் ஒரு சாண் இறங்கியிருக்கும், அந்த வேர் மடங்கினாலோ அறுந்தாலோ செடி மாதக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். அதனால் அகலம் குறைந்தாலும் பரவாயில்லை, குறைந்தது ஓர் அடி ஆழம் இருக்கட்டும். மண், மணல், மக்கிய உரம் சேர்த்த, தண்ணீர் தேங்காத கலவையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் முளை வரும். சில சமயம் விதைத் தோல் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு இலை விரிய முடியாமல் தவிக்கும். அதை இழுக்காதீர்கள், ஈரப்பஞ்சால் ஒருநாள் ஊறவைத்தால் தானே கழன்றுவிடும். மாற்றி நடும்போது வேர் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அழுகிவிட்டதாகப் பயப்பட வேண்டாம். அதன் நிறமே அதுதான். குளிர்காலத்தில் எல்லா இலையும் கொட்டும், அப்போதும் செடி செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், நகத்தால் தண்டை லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும்.

சரி, பழம் எப்போது வரும்? விதைக்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவும் ஆண் மரமாகப் போனால் பழமே கிடையாது. ஃபூயு என்ற துவர்ப்பில்லாத ரகத்தின் விதையிலிருந்து வந்த மரம் ஃபூயு பழம் தரும் என்ற உறுதியும் இல்லை, நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்போடு வர எல்லா வாய்ப்பும் உண்டு. என்னைக் கேட்டால் விதைக்கன்றை ஒட்டு கட்டுவதற்கான வேர்ச்செடியாக மட்டும் நினைத்துக்கொள்வது நல்லது. தண்டு பென்சில் தடிமன் வந்ததும், நல்ல பழம் தருகிற மரத்தில் இலை உதிர்ந்திருக்கும் சமயம் குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி அதே பிரிட்ஜில் வைத்திருந்து, உங்கள் கன்றில் மொட்டு விரியத் தொடங்கும்போது ஒட்டு கட்டுங்கள். ஒட்டு பிடித்தால் பல வருடம் மிச்சம்.

சென்னை, மதுரை வெயிலில் செடி வளரலாம், ஆனால் பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி குளிர் இருக்கும் ஊர் என்றால் தாராளமாக நடுங்கள். ஒன்றிரண்டு அல்ல, பத்து விதையாவது போடுங்கள்.