துப்பாக்கி ரப்பர் பிசுபிசுன்னு ஒட்டுதா? காரணமும் கை வைத்தியமும்

போன பிப்ரவரில சேஃப்ல இருந்து அப்பாவோட பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கிய வெளிய எடுத்தேன், வரவே மாட்டேங்குது. அடியில விரிச்சிருந்த கார்ப்பெட்டோட ஒட்டிக்கிட்டு நிக்குது. கொஞ்சம் பலமா தூக்கினா பட் அடியில, அதாவது தோள்ல வைக்கற முனையில, மாட்டியிருக்கற ரப்பர் பேட் பாதி கார்ப்பெட்லயே தங்கிருச்சு, மீதி பாதி பட்டோட அடியில வெல்லப்பாகு மாதிரி இழுபடுது, கட்டைவிரலால அமுக்கினா ரேகை அப்படியே பதியுது. டர்பனுக்கு வடக்க டோங்காட்ல கரும்புக்குள்ள காட்டுப்பன்னி இறங்குன காலத்துல அவர் தோள்ல வச்ச துப்பாக்கி, இப்ப என் பேர்ல லைசன்ஸ். அதப் பாத்ததும் மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. நம்ம டர்பன் பக்கத்துல நிறைய வீட்ல இதே கதைதான், அதனால நான் பாத்து தெரிஞ்சுக்கிட்டத எழுதறேன்.

எதுல கை வைக்கறதுக்கு முன்னாடியும் குண்டு இருக்கான்னு பாருங்க. கண்ணால பாத்தா மட்டும் போதாது, தோட்டா உக்கார்ற சேம்பர்ல விரல விட்டு தடவிப் பாருங்க, தோட்டாவ வேற ரூம்ல வச்சுட்டு வாங்க.

சரி, ஏன் இப்படி ஆகுது? ரப்பர்ங்கறது நீள நீளமான நூலெல்லாம் சிக்கிக் கிடக்கற மாதிரி ஒரு பொருள். மரத்துப் பாலை அப்படியே காய வச்சா வெயில்ல இளகும், குளிர்ல விறைச்சு வெடிக்கும். 1839ல சார்லஸ் குட்இயர் அதுல கந்தகத்த சேத்து சூடு காட்டினப்பதான் நூலுக்கும் நூலுக்கும் நடுவுல முடிச்சு விழுந்து ரப்பர் ஒரு நிலைக்கு வந்துச்சு. காத்துல இருக்கற ஆக்சிஜனும் சூடும் வருஷக்கணக்கா அந்த நூலையும் முடிச்சையும் அறுத்துக்கிட்டே இருக்கும், நூல் துண்டு துண்டா ஆக ஆக ரப்பர் மறுபடி அந்த பழைய பால் மாதிரி இளகிப் பிசுபிசுக்கும். இது இயற்கை ரப்பர் கதை. நைட்ரைல் மாதிரி செயற்கை ரப்பர் சிலது இதுக்கு நேர் எதிர், புதுசு புதுசா முடிச்சு போட்டுக்கிட்டு கல்லு மாதிரி இறுகி கீறல் விடும். இளகினாலும் வெடிச்சாலும் ரெண்டும் வயசுதான். செம்பு, பித்தளை பட்ட இடத்துல இயற்கை ரப்பர் இன்னும் வேகமா கெடும், அதனால பேரல் சுத்தம் பண்ணி செம்பு கறை ஏறுன துணிய ரப்பர் பக்கம் கொண்டு போகாதீங்க.

நான் அழுத்திச் சொல்ல வர்றது எண்ணெய் விஷயம். அப்பா ஒரே எண்ணெய்த் துணியாலதான் குழல், மரம், ரப்பர்னு தலையில இருந்து கால் வரைக்கும் துடைப்பாரு, நானும் அதத்தான் செஞ்சேன், நம்ம ஆளுங்க எல்லாரும் அதத்தான் செய்றாங்க. இரும்ப காப்பாத்தற அந்த எண்ணெய் இயற்கை ரப்பருக்குள்ள ஊறி அத உப்ப வச்சு பலத்த எடுத்துரும். துணியால தொடாட்டியும் தப்பிக்காது, ஏன்னா சேஃப்ல துப்பாக்கிய பட் கீழ இருக்கற மாதிரி நிக்க வைக்கறோம், சுடற இயந்திரப் பகுதியான ஆக்‌ஷன்ல போட்ட எண்ணெய் மரத்து வழியா மெல்ல மெல்ல இறங்கி கடைசியா ரப்பர் பேட்லதான் வந்து நிக்கும். மேல முழு துப்பாக்கி வெயிட்டும் அதே பேட் மேலதான். என் துப்பாக்கில பேட்ட ஒட்டி இருந்த மரம் ஒரு விரல் அகலத்துக்கு கருத்துப்போய் இருந்துச்சு, அத்தனையும் எண்ணெய். இப்பல்லாம் எண்ணெய் போட்டா ஒரு ராத்திரி குழல் கீழ பாக்கற மாதிரி பழைய துண்டு மேல சாச்சு வச்சு, வடிஞ்சத துடைச்சுட்டு அப்புறம்தான் உள்ள வைக்கறேன்.

இன்னொரு வகை இருக்கு, கைக்கு வெல்வெட் மாதிரி இருக்கும்னு சொல்லி ஸ்டாக் (துப்பாக்கியோட கட்டை), ஸ்கோப் (குறி பாக்கற தொலைநோக்கி), பைனாகுலர் மேல பூசி விக்கற மெத்துமெத்து கோட்டிங். அது பெரும்பாலும் பாலியூரித்தேன்ங்கற பிளாஸ்டிக் வகை. அதுக்கு எமன் ஈரம், தண்ணி மூலக்கூறே உள்ள போய் அத உடைச்சுரும். டர்பன்ல ஜனவரி பிப்ரவரில ஈரப்பதம் 80 சதவீதத்த தாண்டறது சகஜம், நீங்க தொடாம பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தாலும் அது பாட்டுக்கு கெடும். புதுசா டப்பாவுல இருந்துச்சே எப்படி ஒட்டுதுன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான். கொசு மருந்தும் எமன்தான். நான் ஒரு தடவ வடக்கு குவாசுலு நட்டால்ல ம்கூசே பக்கம் போனப்ப, அங்க மலேரியா பயம் உண்டு, டீட் கலந்த மருந்த கையெல்லாம் பூசிட்டு அப்படியே பைனாகுலர எடுத்துட்டேன், சாயங்காலம் பாத்தா அஞ்சு விரலும் அதுல பதிஞ்சிருக்கு. டீட் நிறைய பிளாஸ்டிக்க கரைக்கும், நைலான ஒண்ணும் பண்ணாது. மருந்து போட்டா உள்ளங்கைய சோப்பு போட்டு கழுவிட்டுதான் எதையும் தொடணும்.

எல்லா பிளாஸ்டிக்கும் இப்படின்னு பயப்பட வேணாம். 1982ல ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கிட்ட க்ளாக் 17 மாதிரி பிஸ்டலோட பிரேம் நைலான் வகை, அது இப்படி இளகிப் பிசுபிசுக்கறது இல்ல. நீங்க தேட வேண்டியது அதுல ஒட்ட வச்ச ரப்பர் உறை, ஓ ரிங் (அடைப்பா போடற ரப்பர் வளையம்), பெட்டிக்குள்ள இருக்கற ஸ்பாஞ்ச், இதுங்களத்தான். பிவிசி இன்னொரு வில்லன், அத மெத்துன்னு ஆக்க கலந்த எண்ணெய் மாதிரி சரக்கு வியர்வையா வெளிய வரும், பிவிசி உறை போட்ட கொக்கில மாட்டி வச்சா அது ஸ்டாக்கோட வார்னிஷையும் இளக்கி தழும்பு போட்டுரும்.

இப்ப என்ன பண்ணலாம்? கைப்பிடி லேசா வழவழன்னு ஒட்டுதுன்னா அது வெறும் வியர்வையும் எண்ணெயும் அழுக்குமா இருக்கலாம். க்ரிப்ப கழட்டி வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற சோப்பு போட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு நிழல்ல நல்லா காய விடுங்க. கழட்டினப்பவே அடியில இரும்பையும் பாத்துருங்க, ரப்பர் உறைக்குள்ள ஈரம் அடைஞ்சு துரு புடிக்கறது வெளிய தெரியவே தெரியாது. காஞ்சப்புறமும் விரல் ரேகை பதியுதுன்னா ரப்பரே போச்சு, பவுடர் போட்டா ரெண்டு நாள் தாங்கும், அவ்ளோதான். தூக்கிப் போட்டு புதுசு வாங்குங்க.

மெத்துமெத்து கோட்டிங்குன்னா அந்த பூச்ச மொத்தமா எடுத்துரலாம், அடியில இருக்கற பிளாஸ்டிக் பொதுவா நல்லாவே இருக்கும். ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் துணியில நனைச்சு, முதல்ல கண்ணுக்கு தெரியாத ஒரு மூலையில சோதிச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா தேய்ங்க, ஜன்னல திறந்து வைங்க, பக்கத்துல அடுப்பு சிகரெட் கூடாது. கருப்பு கருப்பா உருண்டு வரும், பொறுமை வேணும், ஒரு சின்ன பைனாகுலருக்கே எனக்கு ஒரு மதியம் முழுக்க போச்சு. லென்ஸ்ல படாம பாத்துக்கங்க. அசிட்டோன் கிட்டயே போகாதீங்க, ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக் எல்லாம் அதுல கரைஞ்சு கெட்டுப்போயிரும்.

பாகா உருகின பட் பேடுக்கு வைத்தியமே கிடையாது, மாத்தணும். பேட்டுக்கு மேல ரெண்டு சின்ன கீறல் மாதிரி தெரியும், ஸ்க்ரூ அதுக்குள்ள மறைஞ்சிருக்கும். ஸ்க்ரூடிரைவர் தண்டுல பாத்திர சோப்ப தடவி உள்ள விட்டா ரப்பர் கிழியாம போகும், புது பேட்ட மாட்டறப்பவும் இதே வழிதான். மரத்துல ஒட்டின பிசின பிளாஸ்டிக் சுரண்டியால எடுத்துட்டு மீதிய துணியில துளி டர்ப்ஸ் (டர்பன்டைன்) தொட்டு துடைங்க. மெத்ஸ் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) வேணாம், பழைய ஷெல்லாக் பாலிஷ் இருந்தா அது கரைச்சுரும். புது பேட் ஸ்டாக்க விட கொஞ்சம் பெருசாத்தான் வரும், மரத்த சுத்தி ரெண்டு சுத்து மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு தேச்சு சரி பண்ணணும். கை நடுங்கும்னா கன்ஸ்மித்கிட்ட குடுத்துருங்க, நான் குடுத்துதான் செஞ்சேன்.

காத்தால சுடற ஏர்கன் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டயானா 27ல இருந்த தோல் வாஷர் (காத்து கசியாம அடைக்கற சீல்), அப்பப்ப ஒரு சொட்டு எண்ணெய் கிடைச்சா தலைமுறை தாண்டியும் உழைக்கும், ஆனா 1970கள்ல வந்த சில நல்ல ஜெர்மன் துப்பாக்கிங்களோட பிளாஸ்டிக் பிஸ்டன் சீல், சுடாமலே உதிர்ந்து போகும். திடீர்னு பவர் குறைஞ்சு உள்ள இருந்து மெழுகுத் துணுக்கு மாதிரி வந்தா சுடறத நிறுத்திட்டு சீல் மாத்துங்க. பிசிபி, அதாவது முன்கூட்டியே அழுத்தக் காத்து அடைச்சு வைக்கற துப்பாக்கியோட ஓ ரிங்குக்கு சாதா எண்ணெய் போடவே கூடாது, அந்த அழுத்தத்துல எண்ணெய் பத்திக்கும், சிலிக்கான் கிரீஸ்தான்.

வைக்கற விதம்: ஸ்பாஞ்ச் பெட்டி வண்டில கொண்டு போக மட்டும், அதுக்குள்ளயே மாசக்கணக்கா வச்சா ஸ்பாஞ்ச் ஈரத்த புடிச்சு வச்சு இரும்புக்கு துரு குடுக்கும், அதுவும் பொடிஞ்சு ஆக்‌ஷனுக்குள்ள போய் ஒட்டும். சேஃப்ல சிலிக்கா ஜெல் போட்டு, அத மாசம் ஒரு தடவ காய வைங்க. பேட்டுக்கு அடியில கார்ப்பெட்டுக்கு பதிலா ஒரு பலகைத் துண்டு. வெயில்ல நிக்கற பாக்கி (பிக்கப்) வண்டிக்குள்ள ஸ்கோப், பைனாகுலர விட்டுட்டு போகாதீங்க.

புது பேட் மாட்டறதுக்கு முன்னாடி அதோட உள்பக்கம் மார்க்கரால மாசமும் வருஷமும் எழுதிட்டேன், பையன் கழட்டும்போது அவனுக்கு கணக்கு தெரியும்.