முதல் கம்பெனியை விட்டு விலகும்போது தேதியைப் பாருங்கள்

ஏழெட்டு வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவருக்கு ரிசைன் செய்ய முடிவெடுத்ததும் வரும் முதல் கவலை, மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். அது பத்து நிமிடப் பேச்சு. அதைவிடப் பெரிய விஷயம், கடைசி வேலை நாள் எந்தத் தேதியில் விழுகிறது என்பது. பணிக்கொடை (கிராஜுவிட்டி), வருமான வரி, மருத்துவக் காப்பீடு எல்லாமே அந்தத் தேதியை வைத்துத்தான்.

முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுங்கள். நோட்டீஸ் காலம் 30 நாளா, 90 நாளா? பணம் கட்டிவிட்டு முன்னதாகக் கிளம்ப முடியுமா? முடியுமென்றால் கணக்கு பேஸிக்கிலா (அடிப்படைச் சம்பளத்திலா), மொத்தச் சம்பளத்திலா? பதவி உயர்வுக் கடிதங்களையும் பாருங்கள். சில இடங்களில் நோட்டீஸ் காலம் அவற்றில்தான் கூட்டப்பட்டிருக்கும். அந்தப் பணத்தைப் புதிய கம்பெனி தருவதாகச் சொன்னால் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ரிசைன் மெயில் அனுப்பவே கூடாது.

இனி பணிக்கொடை. நிரந்தரப் பணியாளருக்கு இதற்கு 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் கேட்டவுடன் அப்படிக் கொடுத்துவிடுவதில்லை, வாதாட வேண்டிவரும். சில வாரங்கள்தான் குறைகிறது என்றால் ஐந்தையும் முடித்துவிட்டுக் கிளம்புவதே நல்லது.

கணக்கு இது: கடைசி மாத பேஸிக்கையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கில் ஏறும். பேஸிக் 40,000 ரூபாய், பஞ்சப்படி இல்லை, இன்றைக்குப் பணி 7 வருஷம் 5 மாதம் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டி உடனே கிளம்பினால் ஏழு ஆண்டுதான், 1,61,538 ரூபாய். 90 நாள் நோட்டீஸையும் வேலை செய்து முடித்தால் எட்டு ஆண்டு, 1,84,615 ரூபாய். சீக்கிரம் கிளம்புவதன் செலவு நோட்டீஸ் பணத்தோடு முடிவதில்லை. பணிக்கொடை 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நிதியாண்டின் நடுவில் மாறினால் வரியில் இடிக்கும். புதிய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவை இரண்டு கம்பெனியும் தனித்தனியாகக் கழிக்கும், வரியில்லாத அடுக்கையும் தனித்தனியாகக் கொடுக்கும். டிடிஎஸ் (சம்பளத்திலேயே கம்பெனி பிடித்துக் கட்டும் வரி) குறைவாகப் பிடிபட்டு, ரிட்டர்ன் போடும்போது பெரிய தொகையும் வட்டியும் சேர்ந்து நிற்கும். பழைய சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் புதிய ஹெச்ஆரிடம் சேர்ந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு நின்றுவிடும். வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் இருந்தால் இதை லேசாக விடாதீர்கள். புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுவரை காத்திருக்க வேண்டிவரலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ஒரு மாதம் முன்பே கேளுங்கள். மாறினால் காத்திருந்த காலம் கணக்கில் சேரும்.

ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்புவதற்குள் சம்பள ரசீதுகள், வரிச் சான்றிதழ்கள், அப்ரைசல் கடிதங்களைச் சொந்த மெயிலுக்கு எடுத்துவிடுங்கள். கம்பெனியின் வேலைக் கோப்புகளைத் தொட வேண்டாம். ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மூன்றும் சரியா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். பிறகு திருத்தி வாங்குவது பெரும் அலைச்சல்.

பிஎஃப்பை எடுக்காதீர்கள், புதிய கம்பெனியின் கணக்குக்கு மாற்றுங்கள். பிஎஃப்போடு சேர்ந்த மாதப் பென்ஷனுக்கு 10 ஆண்டு பணி தேவை. பென்ஷன் பங்கை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். புதிய இடத்தில் பழைய யுஏஎன் எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுங்கள். விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதிவேற்றாமல் விட்டால் மாற்றம் நின்றுபோகும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்ததும் பிஎஃப் உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே அதைப் பதியலாம்.