நடுக்கடலில் யார் காதில் விழும்? படகு ரேடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸில் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் ரேடியோ வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது, "இது எவ்வளவு தூரம் பேசும்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: நான் கூப்பிடும் நேரத்தில் அந்த அலைவரிசையை யார் கேட்டுக்கொண்டிருப்பார்? சேன் பிராண்டன் தீவுகள் நம் கரையிலிருந்து சுமார் 430 கிலோமீட்டர். நசரேத், சாயா தெ மால்யா மீன்பிடித் திட்டுகள் அதற்கும் வடக்கே. அவ்வளவு தூரம் வேலைக்குப் போகும் படகில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

கைப்பேசியை நம்புவதில் தொடங்குகிறது இது. கரையோர டவர்கள் கரையில் இருப்பவர்களுக்காக வைத்தவை. கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் குறையும், அப்புறம் ஒரேயடியாகப் போய்விடும். அந்த சிக்னலைத் தேடிக் கரையை நெருங்குவது அதைவிட ஆபத்து. 2020 ஜூலை 25-ல் வகாஷியோ என்ற பெரிய சரக்குக் கப்பல் பாயிண்ட் தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறியதை நாம் மறக்க முடியாது. கைப்பேசி சிக்னல் எட்டும் இடத்துக்கு வருவதற்காகக் கரையிலிருந்து 2 கடல் மைல் தூரத்தில் கடக்கத் திட்டமிட்டார்கள் என்று, அதை வாடகைக்கு எடுத்திருந்த ஜப்பானிய நிறுவனமே பிறகு சொன்னது. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் நம் கடலில் கலந்தது. மீன்பிடிப் படகிலும் அதே ஆசை வரும். வீட்டுக்குப் பேச வேண்டும் என்பதற்காகப் பவளத்திட்டுப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது விஎச்எஃப் செட், அதாவது பக்கத்துப் படகோடும் கரையோடும் பேசும் குறுந்தூர ரேடியோ. வாட் கூடினால் தூரமும் கூடும் என்று நினைக்கிறார்கள். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், தூரத்தைத் தீர்மானிப்பது ஆண்டெனாவின் உயரம். 4 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா உள்ள இரண்டு படகுகள் ஒன்றோடொன்று பேசக்கூடியது 9 கடல் மைல் அளவுதான். மலை மேல் ஆண்டெனா உள்ள கரை நிலையத்தோடு இன்னும் தூரம் பேசலாம். சுற்றிலும் உள்ள கப்பல்களின் பெயரையும் இடத்தையும் காட்டும் ஏஐஎஸ் கருவியும் விஎச்எஃப் அலையில்தான் ஓடுகிறது. அது திரையில் படகுகளைக் காட்டுகிறது என்பதால் தொலைதூரக் கருவி ஆகிவிடாது. இருந்தாலும் அழைப்புக்கும் ஆபத்துக்கும் பொதுவான விஎச்எஃப் சேனல் 16-ஐ அணைத்து வைக்கக் கூடாது. பக்கத்தில் போகும் சரக்குக் கப்பலுக்கு உங்கள் குரல் கேட்கும் வழி அதுதான், உதவியும் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும்.

தொலைதூரத்துக்கு உரியது எஸ்எஸ்பி எனும் சிற்றலை ரேடியோ செட். கெட்ட பெயர் வாங்கியதும் இதுதான். "செட் போட்டோம், யாரும் பதில் தரவில்லை" என்று அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். செட் பழுதாக இருப்பதைவிட, நேரத்துக்கு ஏற்ற அலைவரிசையைப் பிடிக்காததுதான் பெரும்பாலும் காரணம். இந்த அலைகள் மேலே போய், வானத்தின் மின்னேறிய அடுக்கில் பட்டுத் திரும்பி இறங்குகின்றன. பகலில் அந்த அடுக்குகளின் அடிப்பகுதி தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும், இரவில் விழுங்காது. எனவே சேன் பிராண்டன் தூரத்திலிருந்து போர்ட் லூயிஸைக் கூப்பிட பகலில் 6 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ், இரவில் 4 மெகாஹெர்ட்ஸ் என்று தொடங்கிப் பார்க்க வேண்டும். 12-க்குப் போனால் அலை நம் தீவைத் தாண்டிக் குதித்துவிடலாம். டர்பன் பக்கம் தெளிவாகக் கேட்கும், போர்ட் லூயிஸில் ஒன்றும் கேட்காது. ஆபத்துக்கால குரல் அலைவரிசைகளான 4125, 6215, 8291 கிலோஹெர்ட்ஸை செட் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். கரை நிலையம் எதை, எந்த நேரத்தில் கேட்கிறது என்பதைப் புறப்படும் முன் விசாரித்து அதே தாளில் சேருங்கள்.

மீதிப் பழி ஒயருக்கும் எர்த்துக்கும் போக வேண்டும். 150 வாட் செட் பேசும்போது 12 வோல்ட்டில் 25 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயரில், பச்சை பூத்த முனையில் அவ்வளவு மின்சாரம் போகாது. வோல்ட் இறங்கி, குரல் நசுங்கிவிடும். கேட்பதற்குக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால் மற்றவர் பேச்சு நன்றாக விழும், செட் நல்லது என்றே தோன்றும். பேசும் பொத்தானை அழுத்தியபடி செட்டின் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். ஃபைபர் படகில் எர்த் தானாகக் கிடைக்காது. ஆண்டெனாவை அலைவரிசைக்குப் பொருத்தும் ட்யூனரிலிருந்து கடல் நீரைத் தொடும் உலோகம் வரை அகலமான செம்புப் பட்டை போட வேண்டும். இதைச் செய்யாமல் செட்டைக் குறை சொல்வது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சலையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

சாட்டிலைட் போன் வந்த பிறகு எஸ்எஸ்பி எதற்கு என்பார்கள். போன் நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் அதில் நீங்கள் கூப்பிடுவது ஒருவரைத்தான்; அவர் எடுக்காவிட்டால் அவ்வளவுதான். 10 கடல் மைல் தள்ளி நிற்கும் இன்னொரு படகுக்கு அந்த அழைப்பு தெரியவே தெரியாது. எல்லா நிறுவனத்தின் சாட்டிலைட்டும் எல்லாக் கடலையும் பார்ப்பதில்லை, வரைபடத்தில் நம் திட்டுகள் உள்ளே வருகின்றனவா என்று பாருங்கள். ப்ரீபெய்ட் காலாவதித் தேதியையும் பாருங்கள். கோஸ்ட் கார்ட் எண்ணை முழு நாட்டுக் குறியீட்டோடு பதிந்து வையுங்கள்.

டிஎஸ்சி, அதாவது ஆபத்து அழைப்பைத் தானாக அனுப்பும் வசதி உள்ள செட்டில் சிவப்பு பொத்தான் இருக்கும். படகுக்கென்று ஒதுக்கும் அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐ எண் பதியாமல் அது வேலை செய்யாது. ஜிபிஎஸ் இணைக்காவிட்டால், கையால் இடத்தைப் பதிந்தால் ஒழிய, படகு எங்கே என்று சொல்லாது. இங்கே பதிவான படகின் எண் 645 என்று தொடங்கும். பக்கத்து பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து பழைய படகு வாங்கியவர்கள் கவனிக்க: செட்டிலும், சாட்டிலைட் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் ஈபர்ப் கருவியிலும் பழைய நாட்டு எண்ணே இருக்கலாம். கடலில் கருவி கத்தும்போது, மீட்பவர்கள் பழைய உரிமையாளரின் வீட்டுக்கு போன் செய்து கொண்டிருப்பார்கள். எண்ணை மாற்றி எழுதி, புதிதாகப் பதிவு செய்யுங்கள். ஈபர்ப்பைக் கூரைக்கு அடியில் மாட்டாதீர்கள், படகு மூழ்கினால் மிதந்து மேலே வர வழி இருக்காது. அதைத் தானாக விடுவிக்கும் கொக்கியை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய கருவியைத் தூக்கி எறியுங்கள். 2009 பிப்ரவரியிலிருந்து சாட்டிலைட்டுகள் அதைக் கேட்பதில்லை. விஎம்எஸ் பெட்டியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மீன்பிடித் துறைக்கு நீங்கள் இருக்கும் இடத்தை இடைவெளி விட்டு அனுப்புகிறது, உதவி கேட்பதற்காக வைத்ததல்ல.

ஸ்கிப்பருக்கு மட்டும் ரேடியோ தெரிந்திருப்பதும் பெரிய ஆபத்து. அடிபட்டவர் ஸ்கிப்பராகவே இருந்தால்? எந்தப் பொத்தான், என்ன சொல்ல வேண்டும், இடத்தை எங்கே பார்த்துப் படிக்க வேண்டும் என்று க்ரியோலில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். சமையல்காரர் உட்பட எல்லோரும் துறைமுகத்திலேயே ஒரு தடவை பேசிப் பழகட்டும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. காலையும் மாலையும் குறித்த நேரத்தில் கரையில் ஒருவரைக் கூப்பிடும் வழக்கம் பல படகுகளில் உண்டு. ஆனால் அழைப்பு வராவிட்டால் கரையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் பேசி வைப்பதில்லை. "பேட்டரி போயிருக்கும்" என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பார். ஓர் அழைப்பு தவறினால் பக்கத்துப் படகுகளிடம் கேட்பது, இரண்டாவதும் தவறினால் கோஸ்ட் கார்டுக்குச் சொல்வது என்று புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். படகின் பெயர், நிறம், ஆட்களின் எண்ணிக்கை, போகும் திட்டு, எம்எம்எஸ்ஐ எண், ஈபர்ப்பில் அச்சிட்டிருக்கும் 15 எழுத்துக் குறியீடு, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.