டர்பனில் 7, 8, 9ஆம் வகுப்பு: ஒன்பது பாடங்களையும் பெற்றோர் புரிந்துகொள்வது எப்படி?

இந்த வருடம் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், கோவையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தங்கை பள்ளிப் படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாடங்கள் பகுதியில் ‘ஹோம் லாங்குவேஜ்’ என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதியிருந்தாள். 12 வருடத்துக்கு முன் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தபோது நானும் அதையேதான் எழுதினேன். அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். இந்த ஊர் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வருகிறவர்களுக்காக எழுதுவது இது. தெரிந்தவர்கள் நேராக ஆறாம் படிக்குப் போய்விடலாம். நான் தவறவிட்டது அதைத்தான்.

முதல் படி: வகுப்பையும் வயதையும் பொருத்துங்கள்

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு டெர்ம். நம் ஊர் போல நடுநிலைப் பள்ளி என்று தனியாகக் கிடையாது. 7, 8, 9 மூன்றையும் சேர்த்து ‘சீனியர் ஃபேஸ்’ என்பார்கள். ஆனால் ஏழாம் வகுப்பு தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு, எட்டாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு. அதனால் ஏழாம் வகுப்பு நடக்கும்போதே எட்டுக்கு வேறு பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்துவிட வேண்டும்.

வயதுக்கு ஒரு சுலபக் கணக்கு: வகுப்போடு 6ஐக் கூட்டுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஆண்டுக்குள் 13 வயது நிறையும். ஏப்ரலில் அங்கே ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளையை இங்கே ஆண்டு நடுவில்தான் சேர்க்க முடியும். பாதி ஆண்டு திரும்பப் படிப்பதா, பாதி ஆண்டைத் தாண்டுவதா என்று கேட்டால், திரும்பப் படிக்கட்டும் என்பதே என் எண்ணம். புது நாடு, புது ஆங்கில உச்சரிப்பு, புது நண்பர்கள். அந்த ஆறு மாதம் வீண் போகாது.

இரண்டாம் படி: இரண்டு மொழிகளை முடிவு செய்யுங்கள்

‘ஹோம் லாங்குவேஜ்’ என்றால் வீட்டில் பேசும் மொழி என்றுதான் யாருக்கும் தோன்றும். பாடத்திட்டத்தில் அது ஒரு நிலையின் பெயர். தாய்மொழி போலவே ஆழமாக, கவிதை, நாடகம், கட்டுரை என்று படிக்கும் நிலை. டர்பனில் நம் பிள்ளைகள் சேரும் பள்ளிகளில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் அந்த நிலையில் இருக்கும். அடுத்த நிலை ‘ஃபர்ஸ்ட் அடிஷனல் லாங்குவேஜ்’, அதாவது முதல் கூடுதல் மொழி. அது ஐசிஸூலுவாகவோ ஆஃப்ரிகான்ஸாகவோ இருக்கும். வீட்டில் பேசும் மொழி எது என்று படிவத்தில் தனியாகக் கேட்டிருந்தால் தயங்காமல் தமிழ் என்று எழுதுங்கள். பாடமாக எந்த மொழி என்று கேட்கும் கட்டத்தில் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸூலுவா ஆஃப்ரிகான்ஸா என்று பள்ளி தேர்வு கொடுத்தால் நான் ஸூலு பக்கம்தான். டர்பன் இருக்கும் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் பேருந்திலும் கடையிலும் மருத்துவமனையிலும் பிள்ளையின் காதில் விழப்போவது அந்த மொழி. இன்னொரு காரணமும் உண்டு. ‘ங்கியாஹம்பா’ என்றால் ‘நான் போகிறேன்’. முன்னால் இருக்கும் ‘ங்கி’தான் ‘நான்’. தமிழில் ‘போகிறேன்’ என்று ஒரே சொல்லில் ஆளையும் காலத்தையும் அடக்குகிறோமே, அதே வேலையை ஸூலு முன்னொட்டை வைத்துச் செய்கிறது. இதை என் மகளுக்குச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் எழுத்துகள் மட்டும் கொஞ்ச நாள் படுத்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடினால் தானாக வந்துவிடும்.

ஏழாம் வகுப்பிலோ அதற்கு மேலோ முதல் முறையாகத் தென்னாப்பிரிக்கப் பள்ளியில் சேரும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது மொழியில் சலுகை கேட்க விதியில் இடம் உண்டு. யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். சேர்க்கையின்போதே பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் விசா நகலையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மூன்றாம் படி: கால அட்டவணையில் மணிக்கணக்கைப் பாருங்கள்

வாரத்துக்கு மொத்தம் 27.5 மணி நேரம். அதில் ஹோம் லாங்குவேஜுக்கு 5, கூடுதல் மொழிக்கு 4, கணிதத்துக்கு 4.5. இயற்கை அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் 3 மணி நேரம் வீதம். தொழில்நுட்பம், பொருளியல் மேலாண்மை அறிவியல் (எல்லோரும் ஈ.எம்.எஸ். என்பார்கள்), வாழ்க்கை நெறி (இது எல்.ஓ.), படைப்புக் கலைகள் ஆகிய நான்கும் 2 மணி நேரம் வீதம்.

இரண்டு மொழிகளுக்கு மட்டும் 9 மணி நேரம் போகிறது. வாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கணக்கு, அறிவியல் இரண்டுக்கு மட்டும் டியூஷன் வைத்துவிட்டு மொழியைக் கைவிடுவது நம்மவர்களின் வழக்கம். இங்கே அது செல்லாது. ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

நான்காம் படி: ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

ஒன்பது பாடங்கள் என்றாலும் பல பாடங்கள் இரட்டைப் பாடங்கள். பத்தாம் வகுப்பில் அவை தனித்தனியாகப் பிரியும். அதைத் தெரிந்துகொண்டால்தான் ரிப்போர்ட்டில் வரும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று கண்டுபிடிக்கலாம்.

இயற்கை அறிவியலில் நான்கு பகுதிகள், டெர்முக்கு ஒன்று. முதல் டெர்ம் உயிர்கள், இரண்டாவது பொருள்கள், மூன்றாவது ஆற்றல், நான்காவது பூமியும் விண்வெளியும். முதல் டெர்மில் நன்றாகச் செய்து இரண்டிலும் மூன்றிலும் சறுக்குகிற பிள்ளை பத்தாம் வகுப்பில் உயிரறிவியலுக்குப் பொருந்தலாம், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ‘ஃபிசிக்கல் சயின்சஸ்’ சிரமப்படுத்தலாம். அதனால் டெர்ம் டெர்மாக மதிப்பெண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டு சராசரி இதைக் காட்டாது.

சமூக அறிவியல் பாதி வரலாறு, பாதி புவியியல். எட்டாம் வகுப்பு வரலாற்றில், நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுவந்த கதை வரும். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்ததிலிருந்து தொடங்கும் கதை அது. எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார் (இங்குள்ள தமிழர்கள் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்). தமிழில் பத்துச் சொல்தான் பேசுவார், ஆனால் ஆடி மாதம் கஞ்சி ஊற்றுவதைத் தவறவிடமாட்டார். அந்தப் பாடம் வந்தபோது என் மகளை அவரிடம் கூட்டிப்போனேன். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண்ணை ஒரு பழைய தாளிலிருந்து வாசித்துக் காட்டினார். பாடப்புத்தகத்தில் நாலு வரியாக இருந்தது அவளுக்கு அன்றைக்கு ஒரு வீட்டுக் கதையாகிவிட்டது. நீங்களும் அக்கம்பக்கத்தில் இப்படி ஒருவரைத் தேடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர், பனிப்போர், பிறகு 1948இல் நிறவெறி ஆட்சி வந்தது, 1960 ஷார்ப்வில் படுகொலை, 1976 சொவேட்டோ மாணவர் எழுச்சி, மண்டேலா விடுதலையான 1990இல் ஏற்பட்ட திருப்பம் என்று வரும். இந்த நாட்டில் வாழப்போகிற பிள்ளைக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறு இல்லை என்பேன். பத்தில் வரலாற்றை எடுக்காவிட்டாலும் ஒன்பதில் கவனமாகப் படிக்க வையுங்கள்.

ஈ.எம்.எஸ். நம்மவர்களுக்குப் புதிது. பொருளாதாரம், கணக்குப் பதிவு, சிறுதொழில் மூன்றும் கலந்தது. எட்டாம் வகுப்பிலேயே ரொக்க வரவு, ரொக்கச் செலவு ஏடுகளில் பதியச் சொல்வார்கள். முதலில் புரியாது. வீட்டு மளிகைக் கணக்கை ஒரு மாதம் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள், வரவும் செலவும் கைக்குப் பழகிவிடும். பத்தில் கணக்கியல் எடுக்க நினைப்பவர்கள் கணக்குப் பதிவில் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள்.

தொழில்நுட்பத்தில் கட்டமைப்பு, இயந்திரம், மின்சுற்று, வரைபடம் எல்லாம் செய்து பார்க்கும் வேலைகள். கலைகளில் நடனம், நாடகம், இசை, காட்சிக்கலை என்ற நான்கில் இரண்டு இருக்கும். எல்.ஓ.வில் உடல்நலம், உடற்பயிற்சியோடு, ஒன்பதாம் வகுப்பில் பாடத் தேர்வும் தொழில் வழிகாட்டலும் உண்டு. ‘எல்.ஓ.தானே’ என்று விடாதீர்கள்.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டை வாசியுங்கள்

ரிப்போர்ட்டில் 1 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். 0 முதல் 29 சதவீதம் வரை 1. 30 எடுத்தால் 2, 40 எடுத்தால் 3, 50க்கு 4, 60க்கு 5, 70க்கு 6, 80க்கு மேல் 7. பத்துக்கு நான்கா என்று பதற வேண்டாம்.

மேல் வகுப்புக்குப் போக ஹோம் லாங்குவேஜில் 50 சதவீதம் வேண்டும். கூடுதல் மொழியிலும் கணிதத்திலும் 40. மீதி ஆறு பாடங்களில் ஏதாவது மூன்றில் 40, இன்னும் இரண்டில் 30. எல்லாப் பாடத்திலும் 35 என்று வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆங்கிலத்துக்குத்தான் உயரமான வாசல். கணக்கில் 90 வாங்கிவிட்டு ஆங்கிலத்தில் 46 எடுத்து நின்ற பிள்ளையை நான் அறிவேன். தினமும் அரை மணி நேரம் ஆங்கிலக் கதையோ செய்தியோ சத்தமாக வாசிக்க வையுங்கள், வாரம் ஒரு பக்கம் எழுத வையுங்கள்.

ஆறாம் படி: ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிடாதீர்கள்

பத்தாம் வகுப்பில் ஏழு பாடங்கள். இரண்டு மொழி, எல்.ஓ., விருப்பப் பாடம் மூன்று, அப்புறம் கணிதமோ ‘மேத்தமேட்டிக்கல் லிட்டரசி’யோ. இந்தக் கடைசியைப் பிள்ளைகள் ‘மேத்ஸ் லிட்’ என்பார்கள். வட்டி, பட்ஜெட், வரைபடம் வாசிப்பது, அளவுகள் என்று அன்றாட வாழ்க்கைக் கணக்கு அது. நல்ல பாடம்தான், பலருக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் பட்டயக் கணக்காயர் படிப்புக்கும் பல்கலைக்கழகங்கள் கேட்பது கணிதத்தை. ஃபிசிக்கல் சயின்சஸ் எடுக்கவும் பெரும்பாலான பள்ளிகள் கணிதம் வேண்டும் என்கின்றன. கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்கலாம். திரும்பி ஏறுவது மிகக் கடினம். சில தொழில்நுட்பப் பள்ளிகளில் தொழில்நுட்பக் கணிதம் என்று மூன்றாவது வழியும் உண்டு.

என் மூத்தவன் ஒன்பதாம் வகுப்பில் 44 எடுத்தான். படிவத்தில் மேத்ஸ் லிட் என்று டிக் செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ‘லிட்டரசி’ என்ற சொல்லைப் பார்த்து ஏதோ கூடுதல் உதவி வகுப்பு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பத்தாம் வகுப்பில் பிப்ரவரி கடைசியில், ‘அம்மா, இனி நான் இன்ஜினியரிங் போக முடியாதாமே’ என்று அவன் வந்து நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போய் நின்றேன். முதல் டெர்ம் முடிவதற்குள் மாற்றிக் கொடுத்தார்கள். விட்டுப்போன பாடங்களைப் பிடிக்க அந்தப் பிள்ளை இரவு 11 மணி வரை உட்கார்ந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அந்தக் கையெழுத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டு, யாரிடமாவது விசாரித்திருந்தால் போதும்.

அதனால், பாடத் தேர்வுப் படிவம் வரும்வரை காத்திருக்காதீர்கள். எட்டாம் வகுப்பிலிருந்தே இயற்கணிதத்தைக் கவனியுங்கள். குறை எண்கள் ஏழில் வரும், பிதாகரஸ் எட்டில், காரணிப்படுத்தல் ஒன்பதில். தடுக்கி விழும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குறை எண்ணின் கூட்டல் கழித்தலில்தான் ஓட்டை இருக்கும். அதை அடைத்தால் மேலே உள்ளது தானாகச் சரியாகும். அடிப்படைக் கல்வித் துறை ஒன்பதாம் வகுப்பு வரை வெளியிட்டிருக்கும் கணிதப் பயிற்சிப் புத்தகங்களை அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை எட்டில் இருந்தாலும் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

40க்கும் 50க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன முடிவு என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனால் ஆசிரியரை நேரில் பார்த்து, எந்தப் பகுதியில் மதிப்பெண் போகிறது என்று தாளை வைத்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நமக்குப் புரியும் வரை திரும்பத் திரும்பக் கேட்கலாம். அது நம் உரிமை.

ஏழாம் படி: தமிழுக்கு இடம் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு, 6ஆம் பிரிவில், இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகளைச் சொல்லும்போது தமிழின் பெயரையும் சொல்கிறது. அவற்றை வளர்ப்பதும் மதிக்கப்படச் செய்வதும் நாட்டின் மொழி வாரியத்தின் கடமை என்கிறது. பள்ளிப் பாடத்திட்டத்திலும் தமிழ் இரண்டாவது கூடுதல் மொழியாக இருக்கிறது. பத்து முதல் பன்னிரண்டு வரை விருப்பப் பாடமாக எடுத்து மாட்ரிக் தேர்வும் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வை அப்படிச் சொல்வார்கள்) எழுதலாம். உங்கள் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பல இடங்களில் இல்லை.

இல்லாவிட்டால் இரண்டு வேலை செய்யுங்கள். விருப்பம் உள்ள பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதமாகத் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். ஒருவர் கேட்டால் மறந்துபோகும், பத்துப் பேர் கேட்டால் கூட்டத்தில் பேசுவார்கள். கூடவே, பக்கத்துக் கோயிலிலோ தமிழ்ச் சங்கத்திலோ வாரக் கடைசியில் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பவர்கள், நாங்கள் அங்கே நடத்தும் தமிழ் வகுப்பில் பிள்ளையை ஏழாம் வகுப்பிலேயே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் திடீரென்று உயிர்மெய் எழுத்தில் தொடங்க முடியாது. எங்கள் வகுப்பில் ஆறு பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் நால்வர் ஆயா வீட்டு வழியில் வந்த, இந்த மண்ணிலேயே ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள். சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்குவோம், நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும்.