ஆறே கட்டங்களில் ஓர் அரிய பாம்பு

கணிதவியலாளர் ஜான் கான்வே வகுத்து, 1970-இல் வெளியுலகுக்கு அறிமுகமான ‘கேம் ஆஃப் லைஃப்’ என்ற செல்லுலார் ஆட்டோமேட்டாவில் (கட்டங்கள் எல்லாம் ஒரே விதிப்படி படிப்படியாக மாறும் அமைப்பு; ஒவ்வொரு படியும் ஒரு தலைமுறை), தலைமுறை எத்தனை கடந்தாலும் மாறாமல் அப்படியே நிற்கும் வடிவங்கள் உண்டு. அவற்றுள் சில மிக அரிதாகவே தாமாகத் தோன்றும். அப்படியொன்றை வரைந்து சோதிப்போம். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும்.

முதலில் விதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் எட்டு அண்டைக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டை இரண்டோ மூன்றோ இருந்தால் அது பிழைக்கும், இல்லையேல் இறக்கும். வெற்றுக் கட்டத்துக்குச் சரியாக மூன்று இருந்தால் அங்கே உயிர் பிறக்கும். எல்லாக் கட்டங்களும் ஒரே சமயத்தில் மாறும்.

அடுத்து, ‘பாம்பு’ எனப்படும் இவ்வடிவத்தை வரையுங்கள் (● உயிருள்ள கட்டம், ○ வெற்றுக் கட்டம்):

●●○●
●○●●

இப்போது ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் அதன் அண்டை எண்ணிக்கையைச் சிறிதாக எழுதுங்கள். ஆறு உயிர்க் கட்டங்களுக்கும் 2 அல்லது 3 வரும். ஆகவே எதுவும் சாகாது. இத்துடன் சோதனை முடிந்துவிட்டதென்று பலர் பென்சிலை வைத்துவிடுகிறார்கள், ஆனால் வெற்றுக் கட்டங்களையும் எண்ணியே ஆகவேண்டும். உள்ளிருக்கும் இரண்டு வெற்றிடங்களுக்கும் தலா 4 அண்டைகள். வெளியே எங்கும் 2-க்கு மேல் இல்லை. அதாவது, நெரிசல்தான் அந்த இடைவெளிகளைக் காலியாக வைத்திருக்கிறது. மேல்வரிசையின் வலக்கோடிக் கட்டத்தை அழித்துப் பாருங்கள்: அதன் இடப்பக்க வெற்றிடத்தின் எண்ணிக்கை 3 ஆகிவிட, அங்கே உயிர் பிறந்து பாம்பு கலைந்துவிடும்.

பிறகு, அதே ஆறு கட்டங்களாலான ‘தேன்கூடு’:

○●●○
●○○●
○●●○

இதுவும் அசையாத வடிவமே. ஆனால் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். ஒரே வரிசையில் நான்கு கட்டங்களை வைத்து இரண்டு தலைமுறை நகர்த்தினால் தேன்கூடு வந்துவிடுகிறது. பாம்பில் போய் முடியும் இத்தகைய எளிய தொடக்கங்கள் மிகக் குறைவு என்பதால், எட்டுக் கட்டங்கள் கொண்ட ‘குளம்’ என்ற அசையாத வடிவம்கூட அதைவிட அடிக்கடி தென்படுகிறது. ஒரு வடிவம் அரிதாக இருப்பதை அதன் அளவு மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதே என் முடிவு.

கடைசியாக, கோலி (Golly) என்ற இலவச மென்பொருளில் இந்த ஐந்து கட்டங்களை வைத்து ஓடவிடுங்கள் (தாளில் முயன்றால் கை ஓய்ந்துவிடும்):

○●●
●●○
○●○

1103-ஆம் தலைமுறையில் ஆட்டம் அடங்கும்போது மிஞ்சியவற்றை எண்ணுங்கள்: சதுரங்கள் 8, தேன்கூடுகள் 4, படகு, கப்பல், ரொட்டி எனப்படும் அசையாத வடிவங்கள் தலா ஒன்று, இரு நிலைகளுக்கிடையே மாறி மாறித் துடிக்கும் கண்சிமிட்டிகள் 4, விலகி ஓடும் கிளைடர்கள் எனும் நகரும் வடிவங்கள் 6. பாம்பு ஒன்றுகூட இராது.