‘கடல் தெரியும்’ என்று ஆராய்ச்சிக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு

தூத்தூரிலும் வள்ளவிளையிலும் மீனவர்களுக்கு ஆழ்கடல் என்றால் நாள்கணக்கு. ஐஸும் டீசலும் அரிசியும் எத்தனை நாளுக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை வைத்தே போகும் தூரம் தெரிந்துவிடும். ஆராய்ச்சிக் கப்பலில் அது மீட்டர் கணக்கு: 200 மீட்டருக்குக் கீழேதான் ஆழ்கடல். கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையில் வளர்ந்து, கடலியல் படித்து, சாகர் நிதி போன்ற ஆராய்ச்சிக் கப்பலில் ஏறுகிற பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் கடல் தெரியாததால் அல்ல, தெரியும் என்ற நினைப்பால்.

முதல் சறுக்கல் வாந்தி. ‘கடல்கரைக்காரனுக்கு மாத்திரையா?’ என்று பையிலேயே வைத்திருந்தவன் நான். வள்ளத்தில் அடிவானம் கண்ணெதிரே இருக்கும். கப்பலிலோ ஜன்னல் இல்லாத ஆய்வகத்தில் கணினித் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கிய மாத்திரை அப்படியே வெளியே வந்தது. டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது. வீட்டில் கொடுத்தனுப்பிய ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டு நாள் காத்திருக்கட்டும். அதுவரை ரஸ்க் போதும்.

மேல்தளத்தில் செருப்பு, வெறுங்கால் இரண்டும் கூடாது. மூடிய ஷூ, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட். சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் காலை வைக்காதீர்கள். இதை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் வைப்பீர்கள்.

அப்புறம் சிடிடி. உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவி. அதைச் சுற்றி வட்டமாக, தண்ணீர் பிடித்து வரும் நிஸ்கின் பாட்டில்கள். நிமிடத்துக்கு 60 மீட்டர் இறக்கினாலும் 4000 மீட்டர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் சுமார் 400 மடங்கு. பாட்டில்கள் இரு வாயும் திறந்தபடி இறங்கி, மேலே வரும் வழியில் வேண்டிய ஆழத்தில் மூட வேண்டும். ஒன்றைத் திறக்க மறந்து, உள்ளே காற்றோடு அனுப்பினால் அது நசுங்கிவிடும்.

ஆனால் அதிகம் கெடுவது பாட்டில் மேலே வந்த பிறகுதான். எல்லோரும் ஆளுக்கொரு குப்பியோடு முட்டி மோதுவார்கள். முதல் தண்ணீர் ஆக்சிஜன் பார்ப்பவருக்கு, உப்பு பார்ப்பவருக்குக் கடைசி. ஏனென்றால் தண்ணீர் இறங்க இறங்க பாட்டிலுக்குள் காற்று புகும். உப்பை அது ஒன்றும் செய்யாது, ஆக்சிஜன் கணக்கைக் குலைத்துவிடும். ரப்பர் குழாயைக் குப்பியின் அடிவரை விட்டு, தண்ணீர் பொங்கி வழிய விடுங்கள். குழாயில் ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும் விரலால் கிள்ளித் துரத்துங்கள். உடனே மாங்கனீசுக் கரைசல், அடுத்து அயோடைடு சேர்த்த காரக் கரைசல். மூடிக் குலுக்கினால் ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் பழுப்பாகப் படியும். அரபிக்கடலின் வட பகுதியில், 200 மீட்டருக்குக் கீழே சில நூறு மீட்டர் கனத்துக்கு ஆக்சிஜன் அநேகமாக இல்லாத அடுக்கு ஒன்று உண்டு. அந்தத் தண்ணீர் வெளிறித்தான் படிய வேண்டும். அதுவும் நல்ல பழுப்பாக வந்தால் பிடித்தது கடலை அல்ல, காற்றை.

நேரம் எழுதுவதில் இன்னொரு குழப்பம். குறிப்பேட்டில் உலகப் பொது நேரமா, நம் நேரமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஐந்தரை மணி வித்தியாசத்தில் இரவில் எடுத்த மிதவையுயிர் (பிளாங்டன்) பகலில் எடுத்ததாகிவிடும். பல மிதவையுயிர்கள் இரவில்தான் மேலே ஏறி வரும் என்பதால், இது சின்னப் பிழை இல்லை.

கதவை அறையாதீர்கள். எந்த நேரமும் யாரோ ஒருவர் வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

கடைசியாக, நேர் எதிரான ஒரு தவறு: பெரிய விஞ்ஞானிகள் இருக்கிறார்களே என்று வாயை மூடிக்கொள்வது. ஒரு முறை சிடிடி இறங்கும்போது கம்பி சரிந்து கப்பலின் அடிப்பக்கம் போவதைப் பார்த்தேன். நீவாடு, அதாவது நீரோட்டம், திரும்பியிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரியவில்லை. தயங்கித் தயங்கித்தான், கம்பியை இறக்கும் வின்ச்காரரிடம் சொன்னேன். அவர் வின்ச்சை நிறுத்திவிட்டு வாக்கிடாக்கியில் கேப்டனைக் கூப்பிட்டார்.