குற்றியலுகரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். கு, சு, டு, து, பு, று இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, அதற்கு முன்னால் ஒரே ஒரு குறில் மட்டும் தனியாக நின்றால் அது முற்றியலுகரம் (குறுகாமல் முழுதாக ஒலிக்கும் உகரம்): பசு, நடு. மற்றவை குற்றியலுகரம், அந்த உகரம் 1 மாத்திரையிலிருந்து (மாத்திரை என்பது எழுத்தை ஒலிக்கும் கால அளவு) அரை மாத்திரையாகக் குறுகும்.

ஈற்றயல் எழுத்தை (கடைசிக்கு முந்தைய எழுத்தை) வைத்து 6 வகை: நாடு (நெடில்தொடர்), எஃகு (ஆய்தத்தொடர்), வரகு (உயிர்த்தொடர்), பாக்கு (வன்தொடர்), பந்து (மென்தொடர்), மார்பு (இடைத்தொடர்).

உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும்: நாடு + இல்லை = நாடில்லை. பசுவோ ஓடாது, ‘பசுவில்லை’ என்று வகரம் வாங்கிக்கொள்ளும். ஆனால் ‘கதவு + ஐ = கதவை’; ‘வு’ அந்த ஆறு எழுத்துகளில் இல்லாததால் கதவும் முற்றியலுகரமே, முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும், குழம்ப வேண்டாம்.

பலர் சறுக்குவது இரு சொற்களுக்கு நடுவே ஒற்று (மெய்யெழுத்து) போடுவதில்தான். வன்தொடர் வினையெச்சத்தின் (இன்னொரு வினையைக் கொண்டு முடியும் முற்றுப்பெறாத வினையின்) பின் வல்லினம் மிகும்: கேட்டுச் சொன்னான். மென்தொடர், இடைத்தொடர் வினையெச்சங்களில் மிகாது: வந்து சொன்னான், செய்து கொடுத்தான். ‘வந்துச் சொன்னான்’ பிழை.